உங்கள் பாட்டே பாதை: ஆடியோசர்ஃப் ஆடத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கணினியில் இருக்கும் ஏதாவது ஒரு பாட்டை எடுத்து ஆடியோசர்ஃப் என்ற கணினி கேமிடம் கொடுங்கள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை அதை ஒருமுறை அலசிவிட்டு, பாட்டின் நீளத்துக்கு ஒரு பாதையைப் போட்டுத் தரும். பாட்டு அடங்கி ஒலிக்கும் இடத்தில் பாதை மேடாக ஏறும், உங்கள் வண்டி மெதுவாகப் போகும், சுற்றிலும் ஊதாவும் நீலமுமாக இருக்கும். வாத்தியங்கள் ஒன்றுசேர்ந்து முழங்கும் இடத்தில் பாதை சரிந்து இறங்கும், வேகம் கூடும், மஞ்சளும் சிவப்பும் எதிரே பாய்ந்து வரும். தாளம் விழும் இடங்களில் பாதைமேல் வண்ணக் கட்டைகள் நிற்கும். எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் ஆட்டம். பாட்டு நான்கரை நிமிடம் என்றால் ஆட்டமும் நான்கரை நிமிடம். பாட்டு முடிந்ததும் பாதையும் முடிந்துவிடும்.

டிலன் ஃபிட்டரர் என்பவர் உருவாக்கிய இந்தக் கேம் 2008 பிப்ரவரி 15 அன்று ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வெளியானது. அதே ஆண்டு சுயாதீன கேம்கள் திருவிழாவில் சிறந்த ஒலிக்கான விருதையும் பார்வையாளர் விருதையும் பெற்றது. இன்றைய கண்ணுக்கு அதன் படங்கள் எளிமையாகத் தெரியும். ஆனாலும் யாராவது என்னிடம் "கேம் ஆடிப் பழக்கமில்லை, பாட்டு மட்டும் நிறையக் கேட்பேன், எதில் தொடங்கலாம்?" என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். இங்கே விரல் வேகத்தைவிட பாட்டை மனப்பாடமாகத் தெரிந்த காதுக்கு மதிப்பு அதிகம். அடுத்து சரணம் வரப்போகிறது, அதற்கு முன் ஒரு கணம் எல்லாம் நிற்கும் என்று உங்களுக்கு முன்பே தெரியும். பாதையில் என்ன வரும் என்று தெரிந்துகொண்டே ஓட்டுகிறீர்கள். பெரும்பாலான கேம்களில் முதல் நாளே இப்படி ஒரு வசதி கிடைக்காது.

இந்த யோசனை ஆடியோசர்ஃபுக்கும் முந்தியது. 1999 இறுதியில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் என்ற கேம் கருவிக்கு விப்-ரிப்பன் என்று ஒரு கேம் வந்தது. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகளால் வரைந்த ஒரு முயல், ஒரே கோட்டின்மேல் நடந்துபோகும். கேம் மொத்தமும் கருவியின் நினைவகத்துக்குள் அடங்கிவிடும் அளவுக்குச் சிறியது. அதனால் கேம் ஓடத் தொடங்கியதும் அதன் தட்டை எடுத்துவிட்டு, உங்களிடம் இருக்கும் எந்தப் பாட்டு சிடியையும் உள்ளே போடலாம். அந்தப் பாட்டுக்கு ஏற்றபடி கோட்டில் பள்ளமும் சுழியும் அலையும் முளைக்கும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-ல் தன் சேகரிப்புக்குத் தேர்ந்தெடுத்த கேம்களில் இதுவும் ஒன்று. மசாயா மட்சுரா என்ற இசைக்கலைஞர் உருவாக்கியது. கேம் செய்வதை இசையின் பக்கத்திலிருந்து யோசித்தவர் என்பது அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்தாலே புரியும்.

சரி, நாம் வேலைக்கு வருவோம்.

வாங்குவதும் சோதிப்பதும்

ஆடியோசர்ஃப் விண்டோஸ் கணினிக்கானது, ஸ்டீம் கணக்கு வேண்டும். விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு எதுவும் தேவையில்லை, சாதாரண லேப்டாப் போதும். ஸ்டீமில் கோடையிலும் குளிர்காலத்திலும் பெரிய தள்ளுபடி விற்பனை நடக்கும், அவசரமில்லை என்றால் அதுவரை காத்திருக்கலாம்.

இது பழைய கேம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். உங்கள் கணினியில் ஒழுங்காக ஓடுகிறதா என்று வாங்கிய அன்றே பார்த்துவிடுங்கள். வாங்கி 14 நாளுக்குள், மொத்தம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த 2 மணி நேரத்தில் இருபது பாட்டுக்கு மேல் ஓட்டிப் பார்க்கலாம், ஒரு முடிவுக்கு வர அது தாராளம்.

இன்னொன்றையும் ஆடுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். வேகமான பாட்டுகளில் திரை முழுக்க வெளிச்சம் பளிச்சிட்டுக்கொண்டே இருக்கும். மினுங்கும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள் இந்த வகைக் கேம்களை ஆடக் கூடாது. வீட்டில் யாருக்காவது அந்தச் சிக்கல் இருந்தால் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் வேண்டாம். மற்றவர்களும் அறை விளக்கைப் போட்டுக்கொண்டு ஆடுவது கண்ணுக்கு நல்லது.

பாட்டுக் கோப்பு

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. இன்று நம்மில் பலர் பாட்டைக் கோப்பாக வைத்திருப்பதே இல்லை, செயலியில் தேடிக் கேட்கிறோம். செயலிக்குள் "பதிவிறக்கம்" செய்து வைத்திருக்கும் பாட்டு உங்கள் கையில் இருக்கும் கோப்பு அல்ல. அது பூட்டிய பெட்டி, அந்தச் செயலி மட்டும்தான் திறக்க முடியும். ஆடியோசர்ஃபுக்கு வேண்டியது எம்.பி.3, ஓ.ஜி.ஜி., ஃபிளாக் போன்ற பூட்டில்லாத கோப்பு. அல்லது நேராகப் பாட்டு சிடி.

அலமாரியில் தூங்கும் பழைய சிடிகளுக்கு இப்போது வேலை வந்துவிட்டது. ஒரு வெளி சிடி டிரைவ் வாங்கி லேப்டாப்பில் செருகி, பாட்டுகளை எம்.பி.3 ஆகவோ ஃபிளாக் ஆகவோ எடுத்து வையுங்கள். எம்.பி.3 என்றால் பிட்ரேட், அதாவது ஒரு நொடிப் பாட்டுக்கு எவ்வளவு தரவு என்ற அளவு, 192 கேபிபிஎஸ்ஸுக்குக் குறையாமல் எடுங்கள். மிகக் குறைந்த தரத்தில் சுருக்கினால் ஜால்ராவும் கஞ்சிராவும் முதலில் சேதமாகும். கூர்மையான அந்தச் சின்ன ஒலிகள் மழுங்கினால் கேட்பதற்கே பாட்டு மங்கலாகிவிடும். பணம் வாங்கிக்கொண்டு பாட்டுகளைக் கோப்பாகவே தரும் தளங்களும் உண்டு, சுயாதீனக் கலைஞர்கள் பலர் அப்படி விற்கிறார்கள். கையில் ஒன்றுமே இல்லை என்றாலும் கவலையில்லை. கேமோடு வால்வ் நிறுவனத்தின் ஆரஞ்சு பாக்ஸ் என்ற கேம் தொகுப்பின் இசையும் சேர்ந்தே வருகிறது, முதல் ஓட்டத்தை அதில் நடத்தலாம்.

கோப்பு வந்ததும் செய்ய வேண்டிய முக்கியமான வேலை, அதற்குள் இருக்கும் பெயர் விவரத்தைச் சரிபார்ப்பது. நம் ஊர்ப் பாட்டுக் கோப்புகளில் இது பெரும் குழப்பம். கைமாறி வந்த கோப்பில் பாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு இணையதளத்தின் பெயர் ஒட்டியிருக்கும். பாடியவர் இடத்தில் ஒன்றில் இசையமைப்பாளர் பெயர், இன்னொன்றில் இரண்டு பாடகர்கள் பெயர், மற்றொன்றில் படத்தின் பெயர். சாதாரணமாகக் கேட்கும்போது இது ஒரு பொருட்டே இல்லை. ஆடியோசர்ஃபில் அப்படி விட முடியாது. எந்தப் பாட்டுக்கு யார் எவ்வளவு ஸ்கோர் எடுத்தார்கள் என்ற பட்டியலை அது இந்தப் பெயர்களை வைத்துத்தான் பிரிக்கிறது. பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் நீங்கள் வேறொரு பட்டியலில் தனியாக நிற்பீர்கள்.

விண்டோஸிலேயே திருத்தலாம். கோப்பின்மேல் வலது கிளிக் செய்து பண்புகளைத் திறந்து, விவரங்கள் பகுதியில் தலைப்பையும் கலைஞர் பெயரையும் மாற்றிச் சேமியுங்கள். நூற்றுக்கணக்கான பாட்டுகள் என்றால் எம்பி3டேக் என்ற இலவச நிரல் உதவும், ஒரே நேரத்தில் ஒரு ஃபோல்டர் முழுவதையும் திருத்தித் தரும். எல்லாப் பாட்டுக்கும் ஒரே வழக்கத்தைப் பிடியுங்கள். நான் கலைஞர் இடத்தில் இசையமைப்பாளர் பெயரை மட்டும் போடுகிறேன், கச்சேரி என்றால் பாடியவர் பெயர். கோப்பின் பெயரையும் ஃபோல்டரின் பெயரையும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைப்பது நல்லது. பழைய நிரல்கள் தமிழ் எழுத்துப் பெயர்களோடு சில நேரம் ஒத்துப்போவதில்லை.

ஒலி தாமதம்

பத்து ரூபாய் செலவில்லாமல் ஆட்டத்தை இரண்டு மடங்கு நன்றாக்கும் ஒரு காரியம் உண்டு. புளூடூத் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வயர் ஹெட்போனைச் செருகுங்கள்.

கணக்கு எளிது. நிமிடத்துக்கு 120 தாள அடி விழும் பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே அரை நொடிதான். சாதாரண புளூடூத் ஹெட்போனில் ஒலி காதுக்கு வந்து சேர 0.2 நொடி வரை தாமதமாகலாம். அதாவது கட்டை உங்கள் வண்டியில் மோதி ஏறக்குறைய அரைத் தாள அடி தள்ளித்தான் அதற்குரிய ஒலி கேட்கும். கண் சொல்வதும் காது சொல்வதும் வேறுவேறாக இருக்கும்போது மூளை இரண்டில் ஒன்றைக் கைவிட்டுவிடுகிறது, பெரும்பாலும் காதைத்தான். அதன்பிறகு நீங்கள் பாட்டை ஓட்டவில்லை, வெறும் வண்ணக் கட்டைகளைப் பார்த்து மவுஸை நகர்த்திக்கொண்டிருப்பீர்கள். இந்த கேமில் எனக்குப் பிடித்த எல்லாமே அந்த இடத்தில் தொலைந்துபோகிறது. ஹெட்போன் இல்லை என்றால் லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரே மேல்.

லேப்டாப்பின் தொடுபலகையில் ஆட முயல வேண்டாம். ஒரு சாதாரண மவுஸ் போதும். இடமும் வலமும் நகர்த்தினால் வண்டி தடம் மாறும், பயணம் தானாக நடக்கும்.

முதல் பாட்டைத் தேர்ந்தெடுப்பது

எந்த மோடில், அதாவது எந்த ஆட்ட வகையில், ஆடுவது என்று யோசிப்பதற்கு முன் எந்தப் பாட்டில் ஆடுவது என்று யோசியுங்கள். கஷ்டம் சுலபம் எல்லாம் முதலில் பாட்டில்தான் இருக்கிறது.

முதல் நாளுக்கு மூன்று முதல் ஐந்து நிமிடப் பாட்டு, நடுத்தர வேகம், தெளிவான தாளம். எல்லாவற்றுக்கும் மேலாக, வரி வரியாக உங்களுக்குத் தெரிந்த பாட்டு. மனசுக்குப் பிடித்தது என்பது மட்டும் போதாது, அடுத்து எந்த வாத்தியம் நுழையும் என்று சொல்லத் தெரிய வேண்டும். பள்ளிக்கூட நாட்களில் கேசட் தேயக் கேட்ட பாட்டு ஏதாவது இருக்குமே, அதுதான் சரியான ஆரம்பம்.

நம் திரைப்பாட்டின் அமைப்பு இந்த கேமுக்காகவே செய்ததுபோல் பொருந்துகிறது. முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி பல்லவி. ஒவ்வொன்றிலும் வாத்தியங்களின் அடர்த்தி மாறும், அதனால் பாதையும் மாறும். தொகையறாவோடு தொடங்கும் பாட்டு ஒன்றை ஓட்டிப் பாருங்கள். தாளமில்லாமல் குரல் மட்டும் நீண்டு போகும் அந்த வரிகளில் பாதை மேட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கட்டைகள். பிறகு ஒரு கணம் நின்று தபலா நுழையும். அந்த இடத்தில் பாதை உச்சியிலிருந்து கவிழ்ந்து இறங்கும். நூறு முறை கேட்ட பாட்டில் அந்த நுழைவு எவ்வளவு பெரியது என்பதை நான் உடம்பால் உணர்ந்தது அப்போதுதான்.

இடையிசையைக் கவனியுங்கள். வயலின் கூட்டமாக எழும்பும் இடத்தில் பாதை எப்படி வளைகிறது, தனிப் புல்லாங்குழல் வரும்போது எப்படி அடங்குகிறது என்று பாருங்கள். நாம் பாட்டைப் பாடகர் குரலாகவே நினைவில் வைத்திருக்கிறோம். இந்த கேம் வரிகளைப் பொருட்படுத்துவதில்லை. ஒலி எங்கே கூடுகிறது, எங்கே திடீரென்று எகிறுகிறது என்பதே அதற்குக் கணக்கு. ஆகவே குரலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று உங்கள் காதும் மெல்லத் தேடத் தொடங்கும்.

முதல் வாரம் தவிர்க்க வேண்டியவையும் உண்டு. முழு வேகக் குத்துப்பாட்டு வேண்டாம், ஆரம்பத்திலிருந்தே சரிவாகப் போய் மூச்சு விட நேரம் தராது. கச்சேரிப் பதிவுகளில் ராகம் தானம் பல்லவி போன்றவை அரை மணி நேரம் போகும், பாதையும் அரை மணி நேரம், கை ஓய்ந்துவிடும். ஆலாபனையில் தாளம் இல்லாததால் கட்டைகள் வரும் இடத்தை ஊகிக்க முடியாது. நேரடிப் பதிவில் கைதட்டலும் ஒலிதானே, அதற்கும் பாதை எதிரொலிக்கும். இவை எல்லாம் பின்னால் மிகவும் சுவையான ஓட்டங்களாக மாறும். குறிப்பாகத் தனி ஆவர்த்தனம். கோர்வையை எண்ணத் தெரிந்தவர்களுக்கு அதைவிட நல்ல பாதை கிடையாது. ஒரு மாதம் கழித்து அதற்கு வாருங்கள்.

மோனோவில் தொடங்குங்கள்

பாட்டைத் தேர்ந்தெடுத்ததும் கேம் ஒரு வண்டியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தனித் திறமை, அவை கஷ்டத்தின்படி மூன்று வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எளிய வகுப்பில் மோனோ என்ற வண்டியை எடுங்கள். அதன் விதி ஒரே வரி: வண்ணக் கட்டையை எடு, சாம்பல் கட்டையைத் தவிர்.

பாதையில் மூன்று தடங்கள். வண்டி எந்தத் தடத்தில் கட்டையைத் தொடுகிறதோ அந்தத் தடத்துக்கு நேர் கீழே இருக்கும் கட்டத்தில் அது போய் விழும். மூன்று நெடுவரிசை, ஒவ்வொன்றிலும் ஏழு இடம், மொத்தம் 21. ஒரே நிறக் கட்டைகள் மூன்றோ அதற்கு மேலோ பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்தால் ஒரு தொகுப்பாகி, சில கணங்களில் மறைந்து புள்ளியாக மாறும். மறைவதற்கு முன் இன்னும் கட்டைகளை அதோடு சேர்த்துவிட்டால் தொகுப்பு பெரிதாகும், புள்ளியும் பெருகும்.

முதல் ஓட்டத்தில் இந்தக் கட்டங்களைப் பார்க்கவே வேண்டாம். பாட்டைக் கேளுங்கள், சாம்பலைத் தவிருங்கள். அவ்வளவுதான். பார்வையை வண்டிமேல் வைக்காமல் பாதையில் தூரமாக வையுங்கள், பைக் ஓட்டுவதுபோல. முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் பைக் ஓட்ட மாட்டோம்.

தப்பு செய்தால் என்ன ஆகும் என்ற பயம் புதியவர்களுக்கு இருக்கும். ஒரு நெடுவரிசை ஏழையும் தாண்டி நிரம்பினால் புள்ளி குறையும், சில நொடி ஆட்டம் கையை விட்டுப் போகும், பிறகு திரும்ப வரும். பாட்டு நிற்காது. பாதி வழியில் வெளியே தள்ளி "தோற்றுவிட்டாய்" என்று எழுதிக் காட்டுவதில்லை. எவ்வளவு மோசமாக ஓட்டினாலும் பாட்டு முழுவதையும் கேட்டு முடித்திருப்பீர்கள். உருவாக்கியவர் எடுத்த மிக நல்ல முடிவு இது என்று நினைக்கிறேன். பாட்டை நடுவில் வெட்டாமல் மதித்திருக்கிறார். நிரம்பியதும் ஆட்டம் முடிந்துவிடும் கடுமையான மோடும் இருக்கிறது, அதன் பெயர் அயர்ன்மோட். அதை விரும்பினால் மட்டும் தேர்ந்தெடுக்கலாம்.

இரண்டாவது மூன்றாவது ஓட்டமும் அதே பாட்டிலேயே இருக்கட்டும். அதே கோப்பைக் கொடுத்தால் அதே பாதைதான் வரும், ஆகவே பழகப் பழகக் கை ஓடும். புதுப் பாட்டுக்குத் தாவ மனம் துடிக்கும், கொஞ்சம் பொறுங்கள். பாட்டின் நெளிவுகள் கைக்கு வந்தபின் கட்டங்களைப் பார்க்க நேரம் கிடைக்கும்.

கட்டங்களை நிர்வகிப்பது

இப்போது புள்ளிக்கு வரலாம். மூன்று சேர்ந்தவுடன் புள்ளி வருகிறதே என்று சின்னச் சின்னத் தொகுப்புகளாகக் கரைப்பது ஆரம்ப கால வழக்கம். அப்படிச் செய்தால் ஸ்கோர் ஒரு அளவுக்கு மேல் ஏறாது. கட்டைகள் அடர்ந்து வரும் சரிவுக்காகக் காத்திருந்து, அங்கே ஒரே மூச்சில் பெரிய தொகுப்பு கட்டுவதுதான் உத்தி. மூன்று நெடுவரிசையையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வைத்துக்கொண்டே போங்கள். ஒன்று மட்டும் ஓங்கி வளர்ந்தால் அந்தத் தடத்தில் போகவே பயப்பட வேண்டியிருக்கும், உங்கள் பாதை இரண்டு தடமாகச் சுருங்கிவிடும்.

இடையிசை முடிந்து சரணம் தொடங்கும் முன் பல பாட்டுகளில் ஒரு சின்ன இளைப்பாறல் இருக்கும். அதற்குள் கட்டங்களைக் காலி செய்துவிடுங்கள். சரணத்தின் கடைசி வரி மேலே ஏறிப் பல்லவிக்குத் திரும்பும் இடம்தான் பெரும்பாலான பாட்டுகளில் அறுவடை.

ஓட்டம் முடிந்ததும் கேம் சில சாதனைகளுக்குத் தனியாகப் புள்ளி கூட்டும். ஒரு சாம்பல் கட்டையைக்கூடத் தொடாமல் முடித்தால் ஒன்று. முடிவில் கட்டங்கள் காலியாக இருந்தால் ஒன்று. ஏழு, பதினொன்று, இருபத்தொன்று என்று பெரிய தொகுப்பு கட்டியிருந்தால் அதற்கும் உண்டு. இருபத்தொன்று என்றால் கட்டம் முழுக்க ஒரே நிறம், அதைச் சாதிக்கும் நாள் மறக்காது. காலியாக முடிப்பதற்கு நம் பழைய பாட்டுகள் உதவும். பல பாட்டுகள் பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடியபடி ஒலி மெல்லத் தேய்ந்து முடிகின்றன. அந்தத் தேய்விலேயே கடைசிக் கட்டைகளை ஒழுங்குபடுத்திவிடலாம். ஓங்கி அடித்து நிறுத்தும் பாட்டில் அந்த அவகாசம் கிடைக்காது.

ஒவ்வொரு பாட்டுக்கும் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று எட்ட வேண்டிய புள்ளிகள் உண்டு. உலகப் பட்டியலைப் பார்த்து மலைக்காமல் முதல் மாதம் இந்தப் பதக்கங்களை மட்டும் துரத்துங்கள்.

மோனோவுக்கு அப்புறம்

மோனோவில் வெள்ளிப் பதக்கம் சுலபமாக வரத் தொடங்கியதும் அடுத்த வண்டிகளுக்குப் போகலாம். இவற்றில் பல நிறங்கள் ஒரே நேரத்தில் வரும். ஊதாவுக்கு மிகக் குறைந்த புள்ளி, பிறகு நீலம், பச்சை, மஞ்சள், சிவப்புக்கு மிக அதிகம். சிவப்பு பாட்டின் உக்கிரமான இடத்தில்தான் கிடைக்கும், ஆக ஆபத்தும் லாபமும் ஒரே இடத்தில்.

பாயின்ட்மேன் வண்டி கட்டைகளை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு வேண்டிய தடத்தில் போடும். யோசித்து ஆட விரும்புபவர்களுக்கு ஏற்றது, என் சொந்த விருப்பமும் இதுதான். புஷர், எதிரே வரும் கட்டையை இடமோ வலமோ தள்ளிவிடும். மவுஸின் இடது பொத்தான் இடப்பக்கம், வலது பொத்தான் வலப்பக்கம். இரேசர், ஒரு நிறத்தைக் கட்டங்களிலிருந்து துடைத்தெடுக்கும். வேகாஸ், சேர்த்ததைக் கலைத்துக் குலுக்கிப் போடும். அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியிருப்பதால் எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை, ஆனால் அதையே விரும்பி ஆடுபவர்களும் இருக்கிறார்கள். நிஞ்சா மோனோ என்பது மோனோவின் கடுமையான தம்பி. சாம்பல் கட்டைகள் குவிந்து வரும், தவிர்ப்பதே முழுநேர வேலை. குத்துப்பாட்டையும் பறையையும் இதில் ஓட்டிப் பாருங்கள், கை தானாக அடியைப் பிடித்துக்கொள்ளும்.

வண்டியைப் பாட்டுக்குத் தகுந்தபடி மாற்றுங்கள். மெல்லிசையில் நிஞ்சா மோனோவுக்கு வேலையில்லை, பாயின்ட்மேனுக்கு நிறைய வேலை.

ஸ்கோர் பட்டியல் பற்றி

உலகின் எந்த மூலையிலாவது ஒருவர் உங்கள் பாட்டையே ஓட்டியிருந்தால் அவர் ஸ்கோர் உங்கள் பட்டியலில் தெரியும். இதை முதல்முறை பார்க்கும்போது ஒரு சிலிர்ப்பு. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்த ஒரு பழைய பாட்டின் பட்டியலில் இன்னொரு பெயர் இருக்கும். யாரென்று தெரியாது, எந்த ஊரென்று தெரியாது, இந்தப் பாட்டை இவரும் வைத்திருக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

தமிழ்ப் பாட்டுகளில் பெரும்பாலும் நீங்கள் தனியாகத்தான் இருப்பீர்கள். அதற்கு ஒரு காரணம் முன்பே சொன்ன பெயர்க் குழப்பம். ஒரே பாட்டை ஆங்கில எழுத்தில் ஐந்து விதமாக எழுதலாம், ஐந்து பட்டியலாகச் சிதறிப்போகும். நண்பர்களோடு போட்டி போட ஆசையென்றால் முதலில் பெயரை எப்படி எழுதுவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரே சிடியிலிருந்து ஒரே முறையில் எடுத்த கோப்பாக இருக்கட்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒருவர் கோப்பு நீளமாகவும் இன்னொருவருடையது வெட்டுப்பட்டும் இருந்தால் பாதைகள் வேறுவேறு, போட்டி நியாயமாக இராது. ரீமிக்ஸ் பதிப்புக்கு மூலப் பாட்டின் பெயரையே வைத்தால் அதுவும் அதே பட்டியலில் கலந்துவிடும். ரீமிக்ஸ் என்று தலைப்பில் சேர்த்து எழுதுவது நாகரிகம்.

இரண்டாம் பாகம் வேண்டுமா?

ஆடியோசர்ஃப் 2, 2013 அக்டோபரில் முன்னோட்ட நிலையில் வந்து 2015 மே மாதம் முழுமையாக வெளியானது. பார்க்க அழகாக இருக்கிறது. படகு இழுத்துப்போக அலைமேல் சறுக்கித் தாவும் வேக்போர்ட் மோட் புதிது. ரசிகர்களின் படைப்புகளைப் பகிரும் ஸ்டீம் ஒர்க்ஷாப் பகுதி வழியாக ரசிகர்கள் உருவாக்கிய தோற்றங்களையும் மோடுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், புதிய கணினியும் அழகிய காட்சியும் முக்கியம் என்பவர்கள் இரண்டாம் பாகத்தை எடுக்கலாம். வண்டிகளின் வகைக்காகவும் கட்டங்களின் கணக்குக்காகவும் நான் இன்னும் முதல் பாகத்தையே ஆடுகிறேன்.

துப்பாக்கிச் சண்டை பிடிக்கும் என்றால் கோல்ட் பீம் கேம்ஸ் தயாரித்த பீட் ஹசார்ட் இருக்கிறது. உங்கள் பாட்டின் உக்கிரம் ஏற ஏற உங்கள் விண்கலத்தின் ஆயுதமும் வலுக்கும், எதிரிகளும் பெருகுவார்கள். பாட்டு அடங்கினால் கலமும் அடங்கும். திரையில் வெளிச்சம் ஆடியோசர்ஃபைவிட மிக அதிகம், கண் பற்றி மேலே சொன்ன எச்சரிக்கை அதற்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

இன்னொருவரோடு ஆட

கடைசியாக ஒரு வண்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். டபுள் விஷன். இதில் ஒன்றுக்கு இரண்டு வண்டிகள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒன்றைக் கீபோர்டில் ஓட்ட வேண்டும், மற்றதை மவுஸில். ஒரே ஆள் இரண்டு கையாலும் ஆடலாம், கடினம். இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கு ஒன்றாகவும் ஓட்டலாம்.

எங்கள் வீட்டில் அம்மா கேம் என்று எதையும் தொட்டதில்லை. ஒருநாள் நான் அவருக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டை ஓட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "இப்ப வீணை வரும் பாரு" என்றார். பாதை அடங்கியது. "இனி மிருதங்கம்" என்றார். பாதை கவிழ்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தேன். கீபோர்டில் இரண்டே பொத்தான்கள், இடம் வலம். முதல் பாட்டில் இரண்டு முறை கட்டம் நிரம்பி வழிந்தது, இரண்டாவது பாட்டில் ஒரு முறை.

நீங்களும் இப்படி யாரையாவது உட்கார வைப்பதாக இருந்தால் பாட்டை அவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் மவுஸை எடுத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்குக் கீபோர்டைக் கொடுங்கள். ஒலியை ஹெட்போனிலிருந்து ஸ்பீக்கருக்கு மாற்ற மறக்காதீர்கள். ஓட்டத்துக்கு நடுவே "அதை எடு, இதை விடு" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், அவர்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.